ஏழாம் எண்ணின் மூச்சு

முதல் விதி, செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குதிகால் சத்தத்தை வைத்து, வந்திருப்பவர் ஆணா பெண்ணா என்று நடுவர்கள் ஊகித்துவிடக் கூடாதாம். அப்புறம் இருமக் கூடாது, கனைக்கக் கூடாது, வாயைத் திறந்து பேசவே கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி மேற்பார்வையாளர் அம்மாவிடம் கொடுக்கலாம். அவர், வாசிப்பவரை மறைக்கிற திரைக்கு அந்தப் பக்கம் போய் நடுவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

"மூச்சாவது விடலாமா மேடம்?" என்று கேட்டார் நான்காம் எண்.

"அதை வாத்தியத்துக்குள்ள விடுங்க," என்றார் மேற்பார்வையாளர், கையிலிருந்த பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நடைகூடத்தில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழாம் எண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாய்க்குள் ஒரு பொருள் இருந்தது. சிரித்தால் நழுவிவிடும்.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கும் பத்து மாதமும். பிழைப்புக்கு, நகரப் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர் வேலை. வாசலோரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதவேண்டும். இரண்டு நிமிடம் பிந்தி வருகிற ஓட்டுநர் எந்தக் கதையை அளந்தாலும் இரண்டு நிமிடம் என்றுதான் எழுதுவாள். மற்ற நேரத்தில் டெனர் சாக்ஸபோன். ஓட்டல் முகப்புகளில் வாசிப்பாள், கம்பெனி விழாக்களில் வாசிப்பாள், யாருடைய குழுவிலாவது ஆள் வராவிட்டால் அந்த நாற்காலியில் போய் உட்காருவாள். இருபத்து மூன்று வருடமாக இப்படி அடுத்தவர் நாற்காலிதான்.

இப்போது வானொலி நிலையத்தின் ஜாஸ் குழுவில் இரண்டாம் டெனர் இடம் காலியாகியிருந்தது. நிரந்தர வேலை. காலையில் ஒத்திகை, வாரம் ஒரு ஒலிபரப்பு. நாற்பத்தைந்து தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு மிச்சம் இருந்தது இரண்டு மாதம். இன்று தவறினால் ஓய்வு பெறுகிறவரை கூண்டுதான் என்று அவளுக்குத் தெரியும், பணிமனையில் எல்லோருக்கும் தெரியும்.

"அங்கயும் கண்டக்டர்தான் பெரிய ஆளாமே அக்கா?" என்று நேற்று ஒரு ஓட்டுநர் கூண்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டிருந்தார். "அவராவது சில்லறையை ஒழுங்கா குடுப்பாரா?"

"நீ மூணு நிமிஷம் லேட்டு. முதல்ல அதுக்கு பதில் சொல்லு."

அவளுடைய சத்தத்துக்குக் காரணம் ஒரு சைக்கிள். ஒன்பது வயதில் அதிலிருந்து விழுந்து கீழுதட்டின் இடது ஓரம் கிழிந்தது. தையல் போட்ட டாக்டருக்கு என்ன அவசரமோ, ஆறிய பிறகு அந்த ஓரம் சரியாக மூடவே இல்லை. சாக்ஸபோனை வாயில் வைத்தால் அந்த வழியாகக் காற்று கசியும். முதலில் மூச்சு கேட்கும். பிறகு, ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்ததும் முகம் தெரிவது போல, அதற்குள்ளிருந்து சுரம் வரும். காற்று வீணாவதால் மற்றவர்களைவிட அடிக்கடி மூச்சு எடுக்கவேண்டும். எடுத்துவிட்டுத் திரும்ப நுழையும்போது தாளம் ஓர் இழை முன்னே போயிருக்கும். அவள் ஓடிப் பிடிக்க மாட்டாள். பிந்தியவள் பிந்தியபடியே, தாளத்தின் முதுகில் சாய்ந்துகொண்டு நடப்பாள்.

இளமையில் இதை ஒளிக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். முடியாதபோது, கசிகிற காற்றை எங்கே எவ்வளவு விடுவது என்று பழகிக்கொண்டாள். வாத்தியக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'இழுவை'. கேலிக்காக வைத்த பெயர்தான். ஆனால் "நேத்து இழுவை வாசிச்சாளாம், நீ போகலையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற காலமும் வந்திருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே நிலையத்தில் இதே போல ஒரு தேர்வு நடந்தது. அப்போது திரை கிடையாது. குழுவின் முதல் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் நடுவராக இருந்தார். ஆல்ட்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாரிடோன் ஒன்று என்று குழுவின் ஐந்து சாக்ஸபோன்களும் ஒரே ஆள் வாசிப்பது போலக் கேட்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம், அதுவே அவருடைய பெயரும் புகழும். அவர் அன்று சொன்னது அவளுக்கு மனப்பாடம். "நல்ல சத்தம்தான். ஆனா அஞ்சு பேர் வரிசையா நிக்கும்போது இவங்க மட்டும் காலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

இந்த முறை காலை உள்ளே இழுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். கணவர் பல் செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். அவளுடைய கீழ்த்தாடைக்கு அச்சு எடுத்து, உதட்டோரத்தை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி, நகத்தளவில் ஒரு அடைப்பு செய்துகொடுத்தார். கனகச்சிதம். கசிவு நின்றுபோனது. கூடவே தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் கருவியை வைத்து மூன்று மாதம் சாதகம் செய்து பிந்துவதையும் நிறுத்தினாள்.

போன வாரம் மாடி அறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது கணவர் பட்டறை உடுப்போடு படியேறி வந்து, கதவைத் திறந்து, அவளைப் பார்த்து விழித்தார்.

"நீயா?"

"வேற யாருங்க?"

"நான் ரேடியோன்னு நினைச்சேன். நீ வாசிக்கிற நேரத்துல யாரு ரேடியோ வெச்சதுன்னு அணைக்க வந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப சுத்தமா இருந்துச்சு." படியிறங்கத் திரும்பினார். "என் பொருள் உடையாது. அதுக்கு நான் கேரண்டி. மத்ததுக்கு என்னைக் கேக்காத."

இப்போது அவள் திரைக்குப் பின்னால் காலுறையோடு நின்றிருந்தாள். பழுப்பு நிறக் கனத்த துணி, உயரக் கம்பியிலிருந்து தரைவரை தொங்கியது. அந்தப் பக்கம் மூன்று பேர். கையசைத்துக் குழுவை நடத்துகிற கண்டக்டர், அன்றைய அதே முதல் ஆல்ட்டோக்காரர், குழுவின் பியானோக்காரி. கண்டக்டர் பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது, வெளியூர்க்காரர். பியானோக்காரி அவளுக்கு ஓட்டல் காலத்துத் தோழி. இருவரும் சேர்ந்து வாசித்துப் பத்து வருடம் இருக்கும்.

"ஏழாம் எண்," என்றார் மேற்பார்வையாளர்.

முதலில் நீள் சுரங்கள், பிறகு சுர வரிசை, பிறகு தாளில் கொடுத்த பயிற்சி. எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. ஒரு சுரம் சிதறவில்லை, ஒரு இடத்தில் பிந்தவில்லை. முடித்தபோது அந்தப் பக்கம் யாரோ தாளைப் புரட்டினார்கள். யாரோ தேநீர் உறிஞ்சினார்கள்.

"நன்றி," என்றது ஒரு குரல், வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசுகிற தொனியில். "அடுத்து விருப்பப் பாடல்."

தனக்கு முன்னால் போன ஆறு பேரையும் அவள் நடைகூடத்திலிருந்து கேட்டிருந்தாள். யாரும் மோசமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது மூன்று எது ஐந்து என்று சொல்ல முடியாது. இப்போது ஏழையும் அதில் சேர்த்துவிட்டாள். இந்த வாசிப்புக்கே வேலை கிடைத்துவிடலாம். கிடைத்தால் இன்னும் பதினைந்து வருடம், தினமும் காலையில் வாயில் இதை மாட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்காரர் அணைக்க வருகிற ரேடியோவாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கூண்டே தேவலை என்று தோன்றியது. கூண்டில் அவள் எழுதுகிற நேரமாவது அவளுடைய கையெழுத்தில் இருக்கிறது.

கைக்குட்டையை எடுத்தாள். அடைப்பை அதில் துப்பி, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டாள். மேற்பார்வையாளர் அம்மா முகத்தைச் சுளித்தார். பேசக் கூடாது என்பதால் அவளும் விளக்கவில்லை.

பிறகு ஒரே ஒரு சுரம் வாசித்தாள். தாழ்வான, நீளமான சுரம். முதலில் மூச்சு வந்தது, கதவிடுக்கில் காற்று நுழைவது போல. அதற்குள்ளிருந்து சுரம் மெல்லத் தடித்து எழுந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"அட!" பியானோக்காரியின் குரல். "நம்ம இழுவை!"

மேற்பார்வையாளரின் பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"போச்சு," என்றார் முதல் ஆல்ட்டோ. "பதினோராம் விதியைப் படிங்க மேடம்."

மேற்பார்வையாளர் படித்தார். விண்ணப்பதாரர் தமது அடையாளத்தை எவ்வகையிலும் நடுவர்களுக்கு உணர்த்தலாகாது. உணர்த்துவோர் தகுதி நீக்கம் செய்யப்படுவர்.

"ஒரே ஒரு சுரம் வாசிச்சாங்க சார். பேரா சொன்னாங்க?" என்றாள் பியானோக்காரி. "வாய் தவறினது நான். என்னை நீக்குங்க."

"முதல் பாதி ஒரு மாதிரி வாசிச்சிட்டு ரெண்டாவது பாதியில வேணும்னே மாத்தினாங்களே, அது என்ன? நான்தான் வந்திருக்கேன்னு கதவைத் தட்டுறது இல்லையா? சைகை சார் இது. சுத்தமான சைகை."

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கே அது புரிந்தது. வெளியிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்கி எழுதினாள். 

மேற்பார்வையாளர் திரையைச் சுற்றிக்கொண்டு போய் வாசித்தார். "'ரெண்டாவது வாசிச்சது சைகை இல்லை. முதல்ல வாசிச்சதுதான் வேஷம்.'"

கண்டக்டர் சிரித்துவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த இழுவைங்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரைக்கும் திரை இன்னும் திரையாத்தான் இருக்கு. பாட்டை முடிக்கட்டும்."

"பாட்டு நல்லாவே இருக்கும் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார் முதல் ஆல்ட்டோ. "ஆனா நாம தேடுறது தனியாப் பாடுற ஆளை இல்ல. அஞ்சு பேர்ல அஞ்சாவது ஆளை. இவங்க சேர மாட்டாங்க. சேர்ந்தா அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டாவது சுற்றுல தெரிஞ்சிடும். குழுவோட சேர்ந்தா சத்தம், சேரலைன்னா சைகைன்னே வெச்சுக்குவோம்."

அவள் பாட்டை வாசித்துவிட்டு நடைகூடத்துக்குத் திரும்பினாள். எட்டும் ஒன்பதும் வாசித்து முடித்ததும் மேற்பார்வையாளர் இரண்டாம் சுற்றுக்கு மூன்று எண்களைப் படித்தார். இரண்டு, நான்கு, ஏழு.

இரண்டாம் சுற்றுக்கு நிலையத்தின் சாக்ஸபோன்காரர்களே வந்து உட்கார்ந்தார்கள். முதல் ஆல்ட்டோ தன் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு நடு நாற்காலிக்குப் போனார். திரை அப்படியேதான் இருந்தது. விண்ணப்பதாரர் இந்தப் பக்கம், நால்வரும் பியானோவும் அந்தப் பக்கம். நான்கு வரி உள்ள மெதுவான பாடல். சேர்ந்து தொடங்குவதற்கு முதல் ஆல்ட்டோ "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கை கொடுத்தார். இரண்டாம் எண் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு அச்சு அசலாகச் சேர்ந்தார். நான்காம் எண்ணும் அப்படியே. நடைகூடத்தில் இருந்த அவளுக்கு, கூடத்துக்குள் நான்கு பேர் வாசிக்கிறார்களா ஐந்து பேரா என்றே தெரியவில்லை. அதுதான் அவர்களுடைய வெற்றி.

அவள் முறை வந்தது. எண்ணிக்கை விழுந்தது. நான்கு வாத்தியங்களும் ஒன்றாக நுழைந்தன. அவள் ஓர் இழை பிந்தி நுழைந்தாள். மூன்று மாதம் பழகிய தாளத்துக்குத் தாவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாவவில்லை. முதல் வரி முழுக்கக் கிழிந்த ஓரம் போலத் தொங்கியது.

முதல் ஆல்ட்டோ வாத்தியத்தை இறக்கினார். "கேட்டீங்களா சார்? நாலு கதவு ஒண்ணா மூடுது. அஞ்சாவது காத்துல ஆடுது."

பாரிடோன் சாக்ஸபோன்காரர், கனத்த உடம்புக்காரர், மெதுவாகச் சொன்னார். "எனக்கென்னவோ ஆடுற கதவு பிடிச்சிருக்கு."

"உனக்கு என்னதான் பிடிக்காது?"

அவள் சீட்டு கேட்டாள். மேற்பார்வையாளர் இந்த முறை துண்டுச் சீட்டுகளை மொத்தமாகவே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அவள் எழுதியதை அந்தப் பக்கம் கொண்டுபோய் வாசித்தார். "'இன்னொரு தடவை. எண்ணிக்கை வேண்டாம்.'"

"எண்ணாம எப்படி?" முதல் ஆல்ட்டோவின் குரல் உயர்ந்தது. "ஆளையும் பார்க்க முடியாது, எண்ணவும் கூடாதுன்னா, ஜாதகம் பார்த்தா நுழையறது?"

"முயற்சி பண்ணுவோம்," என்றார் கண்டக்டர். "பியானோ மட்டும் நடக்கட்டும்."

பியானோக்காரி தாளத்தை அளந்து வைத்தாள், கல்லுக்குக் கல் இடைவெளி மாறாமல். ஏழாம் எண் வாத்தியத்தில் உதட்டை வைத்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் மூச்சுச் சத்தத்தை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கியிருந்தாள். இப்போது அடக்கவில்லை. ஓரத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டாள். திரையைத் தாண்டிப் போகிற அளவுக்கு ஒரு மூச்சு போனது. பார்க்க முடியாத ஒருவர் எப்போது நுழையப்போகிறார் என்று அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

பாரிடோன் அந்த மூச்சோடு சேர்ந்து நுழைந்தது. முதல் டெனர் நுழைந்தது. இரண்டாம் ஆல்ட்டோ தயங்கி, பிறகு நுழைந்தது. பியானோவுக்கு ஓர் இழை பின்னால், அவளோடு சேர்த்து நால்வரும் ஒரே இழையில்.

தனியாக நின்றது முதல் ஆல்ட்டோ மட்டும்தான். அவர் தாளத்தின் உச்சியில் துல்லியமாக, எல்லோருக்கும் முன்னால், தன்னந்தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது காற்றில் ஆடுகிற கதவு அவர்தான். அவளுக்குத் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே அவருடைய சங்கடம் கேட்டது. வாழ்நாளில் ஒரு ஆள் வரிசையை விட்டு நீட்டிக்கொண்டிருப்பதைச் சகிக்காத மனிதர், நீட்டிக்கொண்டிருப்பது தான்தான் என்று தெரிந்தால் என்ன செய்வார்? இரண்டாவது வரி முழுக்கச் சகித்தார். மூன்றாவது வரியின் தொடக்கத்தில் அவள் மறுபடி மூச்சை விட்டாள். அவரும் விட்டார். கேட்டது. பிறகு ஐந்து வாத்தியங்களும் ஒன்றாக இறங்கின.

அந்தச் சத்தத்தை அந்தக் கூடம் அதற்கு முன் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஐந்து பேரும் ஒரே ஆள் போலத்தான் ஒலித்தார்கள், முதல் ஆல்ட்டோ எப்போதும் ஆசைப்பட்டது போல. ஆனால் அந்த ஒரே ஆளுக்கு இப்போது உடம்பு இருந்தது. நடந்துவந்து, நின்று, மூச்சு வாங்கி, அவசரமில்லாமல் அடுத்த சொல்லை எடுக்கிற ஆள். பியானோ ஓரடி முன்னால் நடக்க, ஐவரும் கைகோத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தபடி வந்தார்கள். மூன்றாம் வரி நடுவில் ஒரு நீள் சுரத்துக்கு முன்னால் அவள் வழக்கமாக எடுக்காத ஒரு இடத்தில் மூச்சு எடுத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. நால்வரும் அங்கேயே எடுத்தார்கள். நான்காம் வரியில் டெனருக்கு மட்டும் கொஞ்சம் தனி இடம் இருந்தது. அதில் அவள் தன் சொந்தக் குரலில், கசிகிறதை எல்லாம் கசியவிட்டு, ஏறிப் போனாள். மற்ற நால்வரும் கீழே தாங்கிப் பிடித்தார்கள். வந்து இறங்கியபோது அவளுக்கு இடம் விட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள்.

கடைசிச் சுரம் அடங்கியது. மேற்பார்வையாளர் அம்மா கையில் அந்தத் துண்டுச் சீட்டோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"என்ன சொல்றீங்க?" என்று கண்டக்டர் முதல் ஆல்ட்டோவைக் கேட்டார்.

அவர் முன்னாலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பாரிடோன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "நீ சும்மா இரு," என்று அடக்கினார். பிறகு கேட்டார், "யார்கிட்டயாவது பென்சில் இருக்கா?"

யாரோ கொடுத்தார்கள்.

"ஏழாம் எண்," என்றார் திரையைப் பார்த்து. குரலில் இப்போது தொழில் தெரிந்தவரின் அக்கறை மட்டுமே இருந்தது. "மூணாவது வரி நடுவுல மூச்சு எடுத்தீங்களே. அது அந்த நீள சுரத்துக்கு முன்னாடியா, அதுக்கு முந்தின சின்னச் சுரத்துக்கு முன்னாடியா? தாள்ல குறிச்சுக்கணும்."

"விண்ணப்பதாரர் பேசக் கூடாது சார்," என்றார் மேற்பார்வையாளர்.

"விண்ணப்பதாரர் இல்லம்மா இப்ப," என்றார் கண்டக்டர். "ரெண்டாம் டெனர். பேசலாம். அந்தத் துணியை யாராவது இழுங்க, என்னால தாங்க முடியல, முகத்தைப் பார்க்கணும்."

கம்பியில் வளையங்கள் கிறீச்சிட்டன. திரை பாதிவரை வந்து சிக்கிக்கொண்டது. மேற்பார்வையாளர் மறுபடி பலமாக இழுத்தார். காலுறையோடு, கழுத்தில் சாக்ஸபோன் தொங்க, கண் நிறைந்து நின்ற பெண்ணைப் பார்த்துப் பியானோக்காரி இரண்டு கையாலும் பியானோவின் எல்லாக் கட்டைகளையும் ஒருசேர அடித்தாள்.

"நீள சுரத்துக்கு முன்னாடி," என்றாள் அவள். காலையிலிருந்து பேசாததால் குரல் கட்டியிருந்தது. "ஆனா அடுத்த தடவை மாத்துவேன்."

"மாத்துங்க. எங்க மாத்துறீங்கன்னு மட்டும் மூச்சுல சொல்லிடுங்க." அவர் தாளில் ஒரு சின்னக் கொக்கி போட்டு, பென்சிலைப் பக்கத்து நாற்காலிக்குக் கொடுத்தார். பென்சில் கைமாறிக் கைமாறிப் பாரிடோன்வரை போனது. ஐந்தாவது நாற்காலியை யாரோ காலால் அவள் பக்கம் தள்ளினார்கள்.

அவள் உட்கார்ந்தாள். முதல் ஆல்ட்டோ எண்ணிக்கை கொடுக்க வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், அவள் பக்கம் திரும்பி உதட்டை வாத்தியத்தில் வைத்துக் காத்திருந்தார்.